மாநகரின் விளிம்பில் மலைவழிகள்

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று இரண்டாம் திருப்பலி முடிந்து, கோவில் முகப்பில் மக்களோடு உரையாடி நின்றேன். மூன்று பிள்ளைகளின் தாயான அம்மையார் ஒருவர் அருகே வந்தார். "சாமி, பசங்க கையிலே இருந்து அந்தச் செல்போனைப் பிடுங்கவே முடியல. லீவு விட்டா எங்கேயாவது கூட்டிட்டுப் போகணும். ஊட்டி, கொடைக்கானல்னு போக நமக்கு வசதி கிடையாது. பீச்சுக்குப் போய்ப் போய் அலுத்துப்போச்சு. பக்கத்துல ஏறி இறங்குற மாதிரி மலை ஏதாவது இருக்குதா?" என்று வினவினார்.

உடனிருந்த அவர்தம் கணவர் நகைத்தார். "மெட்ராஸ்ல ஏது மலை? தோசைக்கல்லு மாதிரி தட்டையான ஊரு" என்றார். நான் மறுமொழி கூறாமல் கையை மட்டும் நீட்டினேன். எதிர்வரிசை வீடுகளின் மொட்டை மாடிகளுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் அப்பால், பரங்கிமலை வெள்ளைக் கோவிலோடு தெரிந்துகொண்டிருந்தது. இருபது ஆண்டுகளாக அத்தெருவில் குடியிருக்கும் மனிதர் அவர்!

அன்பு வாசகர்களே, அவரைக் குறைகூற இதனைச் சொல்லவில்லை. நம்மிற் பலரும் அவ்வாறே வாழ்கிறோம். கடலை நோக்கி நின்று பழகியமையால் முதுகுப்புறம் இருப்பதை மறந்துவிட்டோம். தெற்கிலும் மேற்கிலும் அரைநாள் பயணத்திற்குள் ஏறத்தக்க குன்றுகள் உள்ளன. அவற்றுள் நான் நடந்து அறிந்தவற்றை, பங்குப் பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துச் சென்று பட்டறிந்த முறையில், இங்கே எடுத்துரைக்க விழைகிறேன். அப்பட்டறிவில் என் பிழை ஒன்றும் அடங்கும். அதனை உரிய இடத்தில் ஒளிக்காமல் கூறுவேன்.

முதலிற் பரங்கிமலை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 அடி உயரமே உள்ள குன்று இது. மின்தொடரிலோ மெட்ரோவிலோ இறங்கி அடிவாரம் வரை நடந்தே சேரலாம். உச்சிவரை ஊர்தி செல்லும் பாதையும் உண்டு; எனினும் படிவழியே ஏறுவதே நடைக்கு அழகு. திருத்தூதர் தோமையார் இம்மலையில் குத்துண்டு உயிர் துறந்தார் என்பது நம் முன்னோர் வழிவழியாகக் காத்துவரும் மரபு. உச்சியிலுள்ள கோவில் 1523-இல் போர்த்துக்கீசியர் எழுப்பியது. 1547-இல் அடித்தளம் தோண்டியபோது, பழம் பாரசீக மொழியாகிய பகலவியில் எழுத்துப் பொறித்த கற்சிலுவை ஒன்று வெளிப்பட்டது. அது இன்றும் பீடத்தில் உள்ளது. இவையெல்லாம் நம் இல்லங்களில் பலரும் அறிந்தவையே.

ஆயின் காலடியிற் கிடக்கும் படிகளைப் பற்றி எத்தனை பேர் அறிவர்? நூற்றுக்கு மேற்பட்ட அப்படிகளை அமைத்துத் தந்தவர் ஓர் அர்மீனிய வணிகர். கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்பது அவர் பெயர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மீது 1726-இல் பாலம் கட்டிக்கொடுத்தவரும் அவரே. ஆற்றைக் கடப்பதற்குப் பாலம், மலையில் ஏறுவதற்குப் படி என இரண்டையும் நடந்து செல்வோரை எண்ணியே அவர் செய்திருக்கிறார். ஊர்தியில் ஏறி மூன்று நிமிடத்தில் உச்சியை அடைவோர்க்கு அவருடைய கொடை புலப்படாது.

மற்றொரு செய்தியும் உண்டு. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலப் படை அலுவலர், பரங்கிமலையின் அருகிலிருந்து பெரும்பாக்கம் குன்று நோக்கி ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை எடுத்து எடுத்து வைத்து அளந்து முடிக்க 57 நாள்கள் ஆயின. சித்திரை வெயிலில் ஏழரை மைலுக்கு 57 நாள்! அக்கோட்டினின்று தொடங்கிய முக்கோண அளவைதான் ஊர் ஊராக, குன்று குன்றாக வடக்கே வளர்ந்து இமயத்தை எட்டியது. எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 29,002 அடி என 1856-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டதற்கு மூலம் இந்தச் சிறு குன்றின் அடிவாரம். உச்சியில் நின்று பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லிப் பாருங்கள். விமானம் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பி, "அந்தப் பெரும்பாக்கம் எது, சாமி?" என்று தேடத் தொடங்குவார்கள், நான் கண்டிருக்கிறேன்.

தெற்கே கண்ணுக்கெட்டும் தொலைவில் திரிசூலம், பல்லாவரம் குன்றுகள். இப்பாறைக்குத் தனிப் பெயர் உண்டு. கல்கத்தாவில் குடியேற்றம் தொடங்கிய ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக்கு இப்பகுதியிலிருந்தே கல் சென்றது. அக்கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, 1893-இல் அவர் பெயரையே இட்டுச் 'சார்னோக்கைட்' என வழங்கினார். இன்று உலகெங்கும் நிலவியலார் நாவில் அச்சொல் பயில்கிறது. ஆனால் இக்குன்றுகளில் ஏறுமாறு நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. கல்லுடைத்துத் தின்றது போக மிஞ்சியவை அவை. குவாரிப் பள்ளங்களில் நீர் தேங்கிப் பச்சையாய் மின்னும். கரையிலிருந்து ஓரடி எடுத்து வைத்தால் ஆழம் நாற்பது அடியா, ஐம்பது அடியா என்று எவருக்கும் தெரியாது. நீந்தத் தெரிந்த பிள்ளைகளும் அவற்றில் மாண்டிருக்கிறார்கள். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதே நன்று.

என் உள்ளத்திற்கு மிக உகந்தது குடியம். திருவள்ளூர் வரை மின்தொடர். அங்கிருந்து பூண்டிக்குப் பேருந்து. கொசஸ்தலை ஆற்றைத் தடுத்து 1944-இல் கட்டி முடித்த சத்தியமூர்த்தி சாகரம், நம் வீட்டுக் குழாய்களில் வரும் நீரின் ஊற்றுக்கண்களுள் ஒன்று. குளிர்காலத்தில் அயல்நாட்டுப் பறவைகளும் அதில் வந்து தங்கும். பூண்டியில் தொல்லியல் துறையின் சிறு அருங்காட்சியகம் ஒன்று உண்டு. குகைக்குப் போகுமுன் அதனைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பாராமற் சென்றால் குகை வெறும் பாறையாகவே தோன்றும்.

1863 மே 30 அன்று இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலார், பல்லாவரத்துச் சரளைக் குழியொன்றில் மனிதன் கையால் செதுக்கிய கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்நாட்டில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதற்சான்று அது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங் என்பாரும் பூண்டிக்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் அத்தகைய கருவிகளை ஏராளமாகக் கண்டனர். அண்மைக் காலத்தில் அங்கு முறையாக அகழ்ந்தாய்ந்த சாந்தி பப்பு அம்மையார் குழுவினர், அவற்றுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2011-இல் அறிவித்தனர்.

அவ்வாய்வுக் களத்திற்கு அணித்தே, அல்லிக்குழி மலைத்தொடரில் குடியம் குகைகள் உள்ளன. குடியம் சிற்றூரைக் கடந்ததும் முட்காடு தொடங்கும். உயர்ந்த மரம் எதுவும் இல்லை. தலைக்கு மேல் நிழல் அரிது. காரையும் சூரையும் வேட்டியைப் பற்றி இழுக்கும் ஒற்றையடிப் பாதை. ஏற்றம் கடினமன்று, ஆனால் காலின்கீழ்க் கூழாங்கற்கள் உருண்டுகொண்டே இருக்கும். முதன்முறை சென்றபோது அக்கற்களைச் சபித்தவாறே நடந்தேன். குகையை அடைந்து அண்ணாந்து பார்த்த பின்னரே அவற்றின் பெருமை விளங்கிற்று. கூரை முழுவதும் உருண்டைக் கூழாங்கற்கள் பதிந்திருக்கின்றன, பொங்கலில் முந்திரி பதிந்தாற்போல. என்றோ ஓடிய ஆறு உருட்டிவந்து சேர்த்தவை. பின்னர் இறுகிப் பாறையாயின. ஆதிமனிதன் கருவி செதுக்கியது இத்தகைய கற்களைக் கொண்டே. என் கால்களை இடறியவை அவனுடைய தொழிற்கூடத்து மூலப்பொருள்கள்!

குகை என்றவுடன் இருண்ட சுரங்கத்தை எண்ண வேண்டா. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கத்தக்க, வாய் அகன்ற பாறைக் கவிகை அது. உள்ளே கிராம மக்களின் வழிபாட்டிடமும் உண்டு. அதற்குரிய மரியாதையோடு நடந்துகொள்வது நம் கடமை. கூரையில் மலைத்தேனீக்கள் கூடு கட்டுவதுண்டு. ஆகவே கூச்சல், புகை, மணத் தைலம் மூன்றும் ஆகா. பிள்ளைகள் எதிரொலி கேட்க விரும்புவார்கள். அவ்விருப்பத்தை ஊரிலேயே தீர்த்துவிட்டு வரச்செய்க. தரையிற் கிடக்கும் கல் எதையும் பையில் போட்டுக்கொள்ளலாகாது.

குடியம் காப்புக் காட்டிற்குள் இருப்பதால் வனத்துறையின் இசைவு வேண்டும். 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலைவழிகளை வகுத்து, இணையவழிப் பதிவும் வழிகாட்டியும் அமைத்துத் தொடங்கிய திட்டத்தில் குடியமும் ஒன்று. வழிகாட்டிகளாக வருவோர் அவ்வப்பகுதி இளைஞர்கள். "காசு கொடுத்தா காட்டுக்குள்ள நடக்கணும்?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கடிந்துகொண்டார். 2018 மார்ச் 11-ஆம் நாளை அவருக்கு நினைவூட்டினேன். தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பற்றிய தீ, சென்னையிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் நடைப்பயணம் சென்றோரைச் சூழ்ந்துகொண்டது. இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் இளையோர். அதன் பின்னரே நம் மாநிலத்தில் மலையேற்றத்திற்கு விதிமுறைகள் வகுக்கப்பட்டன. தீப்பருவத்தில் காட்டு வழிகளை அடைத்துவிடுவதன் காரணமும் அதுவே. பெரியவர் பின்னர் ஒன்றும் கூறவில்லை.

செங்கற்பட்டிலிருந்து பேருந்தில் செல்லத்தக்கது திருக்கழுக்குன்றம். மலைமேல் வேதகிரீசுவரர் கோவில் கொண்டுள்ள ஊர். ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள். செங்குத்தாயினும் நன்கு அமைந்தவை. நாள்தோறும் நண்பகலில் இரு வெண்ணிறப் பாறுகள் வந்து அருச்சகர் கையில் உணவுண்டு செல்லும் காட்சியால் இவ்வூர் உலகப் புகழ் பெற்றிருந்தது. 1990-களில் அவற்றின் வருகை நின்றுபோயிற்று. குருமட மாணவர்களாய் நாங்கள் சென்றபோது ஒரு மணிநேரம் வானையே பார்த்திருந்தோம். காக்கைகள் மட்டுமே வந்தன. இறங்கும் வழியில் பல்லவர் காலத்து ஒருகல் மண்டபம் உண்டு. அதன் தூண்களில், 17-ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்து வணிகச் சாவடியிலிருந்து உலாவந்த ஒல்லாந்தர் தம் பெயர்களைச் செதுக்கி வைத்திருக்கின்றனர். இன்றைய இளைஞர் பாறைகளில் பெயர் கிறுக்குவதைக் கண்டு நாம் சினப்பதுண்டு. அந்நோய் பழையதென்பது அங்கே தெரியும்.

இனிச் செஞ்சி. சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக ஏறத்தாழ 150 கிலோமீட்டர். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகளை மதில்களால் இணைத்த பெருங்கோட்டை. 1597-இல் இங்கு வந்த சேசு சபைத் துறவி பிமெந்தா, நாயக்க மன்னரின் வரவேற்பைப் பெற்று, இந்நகரின் பெருமையை வியந்து எழுதியிருக்கிறார். 1677-இல் சிவாஜி கைப்பற்றினார். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்டுக் கிடந்தது. 2025 சூலையில் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. இராசகிரி ஏறத்தாழ 800 அடி. உச்சிக்கு முன்னால் ஆழ்ந்த பிளவொன்று. பாலத்தைத் தூக்கிவிட்டால் பகைவன் பறந்துதான் வரவேண்டும்.

அந்தப் பாலத்தை நான் முதன்முறை கடக்கவில்லை. அதன் காரணத்தைச் சொல்ல வேண்டும்.

உதவிப் பங்குத்தந்தையாய் இருந்த காலம். பீடச் சிறுவர் இருபத்து மூவரை ஏப்ரல் விடுமுறையில் அழைத்துச் சென்றேன். வாடகை வண்டி தாமதமாய் வந்தது. வழியில் சிற்றுண்டிக்கும் தாமதம். கோட்டை வாயிலை அடையும்போது மணி பத்தரை. திரும்பிவிடலாமா என ஒரு கணம் எண்ணினேன். பையன்களின் முகங்களைப் பார்த்தேன், ஏறத் தொடங்கினோம். சுமார் முக்கால் பங்கு ஏறிய நிலையில், பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் படியில் அமர்ந்துவிட்டான். களைப்பென்று கருதி, "எழுந்திரு தம்பி, இன்னும் கொஞ்சம்தான்" என்றேன். அவன் ஏதோ உளறினான். தொட்டுப் பார்த்தேன், உடல் கொதித்தது, ஆனால் ஒரு துளி வியர்வை இல்லை. கொண்டுசென்ற நீரை முன்சென்றோர் குடித்து முடித்திருந்தனர்.

வெள்ளரிப் பிஞ்சும் மோரும் விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் கீழிருந்து ஓடிவந்தார். என்னை ஒருபுறம் தள்ளினார். மதில் நிழலில் பையனைக் கிடத்தச் சொல்லி, தம் பானைத் தண்ணீரில் முந்தானையை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் போர்த்தி, விசிறச் செய்தார். நான் மோரைப் புகட்ட முயன்றபோது கையைத் தட்டிவிட்டார். "நெனவு வரட்டும்! இப்ப ஊத்துனா பொரையேறும்" என்றார். பின்னர் என் அங்கியைப் பார்த்து, "சாமியாருன்னு சொல்றீங்க. பச்சப் புள்ளைங்கள இந்த வெயில்ல இட்டாந்திருக்கீங்களே, உங்களுக்கு யாரும் சொல்லித் தரலையா?" என்றார். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பதே உண்மை.

பையன் கண் விழித்தான். செஞ்சி அரசு மருத்துவமனையில் மாலை வரை கிடத்தி, இரவு வீடு சேர்த்தோம். மறுநாள் காலை அவன் தந்தை, ஒரு கொத்தனார், பங்கு இல்லத்திற்கு வந்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ திண்ணையில் அமர்ந்து சற்று நேரம் பேசாதிருந்து, "எத்தனை மணிக்கு ஏற ஆரம்பிச்சீங்க, சாமி?" என்று மட்டும் கேட்டார். பத்தரை என்றேன். தலையை அசைத்தார். "நாங்க சித்திரையில பதினொரு மணிக்கெல்லாம் சாரத்தை விட்டு எறங்கிடுவோம்" என்று சொல்லி எழுந்து சென்றார்.

அன்று முதல் எங்கள் நடைகளுக்குச் சில வழக்கங்கள் உண்டு. மார்ச் பிறந்தால் ஆகஸ்டு முடியும் வரை மலை இல்லை. மழை ஓய்ந்த மார்கழியும் தையும் மாசியின் முற்பாதியுமே எமக்குரிய காலம். ஆறு மணிக்கு முதற்படியில் கால் வைக்க வேண்டும். பத்து மணிக்குள் இறங்கிவிட வேண்டும். வண்டி தாமதமானால் மலையை விட்டுவிட்டு அடிவாரத்திலேயே கட்டுச்சோற்றை உண்டு திரும்புவோம். இருமுறை அவ்வாறு திரும்பியதுண்டு; இளைஞர்கள் முணுமுணுத்தனர். தலைக்கு இரண்டு லிட்டர் நீர் அவரவர் பையில், அதற்கு மேல் பொதுவில் ஒரு குடம். தொப்பி அல்லது முண்டாசு. செருப்பன்று, பிடிப்புள்ள காலணி. வெறும் வயிற்றோடு எவரும் ஏறலாகாது. எல்லாவற்றிற்கும் மேலாக, மிக மெதுவாய் நடப்பவரே வரிசையின் முதலில் நடப்பார். மற்றவர் அவருக்குப் பின்னே. முதியோரைப் பின்னால் விட்டுச் சென்றால் அவர்கள் வந்து சேரும்போது முன்னவர் ஓய்வு முடிந்து எழுந்துவிடுவர்; இளைப்பாற வேண்டியவர்க்கே இளைப்பாறல் இராது.

தடாவை அடுத்த உப்பலமடுகு அருவியையும் நாகலாபுரம் மலைச்சுனைகளையும் பற்றி இளைஞர் பலர் கேட்கின்றனர். இரண்டும் ஆந்திர எல்லைக்குள் உள்ளவை, அழகில் ஐயமில்லை. ஆனால் அங்குள்ள மடுக்களில் ஆண்டுதோறும் மாணவர்கள் மூழ்கி இறக்கும் செய்தி நாளிதழ்களில் வருகிறது. பாசி படர்ந்த வழுக்குப் பாறை, திடீரென ஆழமாகும் நீர், மேலே மழை பெய்தால் கீழே நொடியில் பெருகும் ஓடை. நடந்து பார்த்து வர விரும்புவோர் அனுமதியும் வழிகாட்டியும் பெற்றுச் செல்க. குளிக்கச் செல்வோர்க்கு நான் வழி சொல்வதில்லை. பெற்றோர் இதில் என்னோடு ஒத்துழைக்க வேண்டுகிறேன்.

படியேற இயலாத முழங்கால் உடையோர்க்கும் ஒரு வழி உண்டு. கடலாமைகள் முட்டையிடும் சனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் கடற்கரை நெடுக நடந்து, முட்டைகளைத் திரட்டிக் காப்பிடத்தில் சேர்க்கும் மாணவர் அமைப்பு ஒன்று 1988 முதல் இயங்கி வருகிறது. வார இறுதிகளில் பொதுமக்களையும் உடன் அழைத்துச் செல்கின்றனர். ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர், முழுவதும் மணல். அலுத்துப்போன அதே கடற்கரைதான். நள்ளிரவில் கைவிளக்கை அணைத்துவிட்டு நடக்கையில் அது வேறோர் ஊர்.

முகப்பில் கேட்ட அந்த அம்மையாரிடம் இவற்றையெல்லாம் அன்று சொல்ல நேரமில்லை. "அடுத்த சனிக்கிழமை காலை அஞ்சரைக்கு வாங்க, பரங்கிமலைக்குப் போகலாம்" என்று மட்டும் சொன்னேன். ஐவர் வருவர் என எண்ணினேன். பத்தொன்பது பேர் வந்திருந்தனர். அவருடைய மாமியார், எழுபத்தொரு வயது, ஊன்றுகோலோடு வந்து நின்றார். வழக்கப்படி அவரையே முதலில் நிறுத்தினோம். பன்னிரண்டு படிக்கொருமுறை அவர் நின்றார். பத்தொன்பது பேரும் நின்றோம். நின்ற இடத்திலெல்லாம் பிள்ளைகள் சுற்றுமுற்றும் பார்க்கத் தொடங்கினர். "தட்டையான ஊரு" என்று சொன்ன அவர் மகன், உச்சியை அடைந்ததும் மதிற்சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்று, தம் வீட்டு மொட்டை மாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

தை பிறந்ததும் குடியம். முப்பத்தொரு பேர் பெயர் தந்திருக்கின்றனர். மூதாட்டியின் பெயரும் பட்டியலில் இருக்கிறது. அவரை அருங்காட்சியகத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லி நானும் மகனும் வாதாடி வருகிறோம். இதுவரை அவர் இணங்கவில்லை.